மூன்று தட்டுகளிலிருந்து வளர்ந்த கைவேலை

சம்மாந்துறையில் நெல் ஆலை நின்றாலும், சாய்ந்தமருதுக் கரையில் படகு எஞ்சின் பழுதானாலும், வயல் நடுவே உழவு இயந்திரம் முடங்கினாலும், உதிரிப்பாகம் கடைந்து கொடுப்பது ஊர் லேத் பட்டறைதான். அந்த லேத்தே தேய்ந்துவிட்டால்? தண்டைப் பிடிக்கும் ‘சக்’ பக்கமாகவே ஆண்டுக்கணக்கில் ஓடும், வெட்டுக்கருவியைச் சுமக்கும் கரேஜ், லேத் படுக்கையின் அந்தப் பகுதியை மட்டும் தின்றுவிடும். பிறகு கடையும் தண்டு ஒரு முனை தடித்தும் மறுமுனை மெலிந்தும் வரும்.

அந்தத் தேய்வைக் கையால் திருத்தும் வேலை ஸ்கிரேப்பிங். தட்டையென்று உறுதிப்பட்ட தரத்தட்டில் நீலச் சாயத்தை மெல்லிதாகப் பூசி, திருத்த வேண்டிய இரும்பின் மேல் வைத்து அசைப்பார்கள். நீலம் மேடுகளில் மட்டும் ஒட்டும். அந்த மேடுகளைச் சுரண்டியால் சில மைக்ரோன் அளவு வழித்து, பிசிறு நீக்கி, துடைத்து, மீண்டும் நீலம் பார்ப்பார்கள். ஒவ்வொரு சுற்றிலும் கைவீச்சின் திசை குறுக்காக மாறவேண்டும். மாறாவிட்டால் பரப்பில் அலை விழும்.

தரத்தட்டு தட்டையானது என்பதற்கு என்ன உறுதி?

இதற்கு விடை தந்தது ஆங்கிலேய மரபு. லண்டனில் ஹென்றி மாட்ஸ்லியின் பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் விட்வேர்த், 1840 இல் கிளாஸ்கோவில் நடந்த பிரித்தானிய அறிவியல் சங்கக் கூட்டத்தில் தன் முறையை விளக்கினார். இரண்டு தட்டுகளை மட்டும் ஒன்றோடொன்று இணக்கினால், ஒன்று குவிந்தும் மற்றது குழிந்தும் பொருந்திவிடலாம். மூன்று தட்டுகளை மாற்றி மாற்றி இரண்டிரண்டாக இணக்கினால் அந்தக் கள்ளத்துக்கு இடமில்லை. முறுக்கம் ஒளிந்திராதபடி தட்டைத் தொண்ணூறு பாகை திருப்பியும் பார்க்கவேண்டும். எமரித்தூளிட்டுத் தேய்ப்பதை விட்வேர்த் ஏற்கவில்லை; தூள் எந்த இடத்தைத் தின்னும் என்பது தொழிலாளியின் கையில் இல்லை.

ஜேர்மனிய மரபு பரப்பிலிருந்து முழு இயந்திரத்துக்கு நகர்ந்தது. பெர்லின் பேராசிரியர் ஜோர்ஜ் ஷ்லெசிங்கர் 1927 இல் வெளியிட்ட சோதனை நூல், படுக்கையின் நேர்த்தன்மைக்கும் சுழல்தண்டின் ஓட்டத்துக்கும் எவ்வளவு பிழை பொறுக்கலாம் என்று எண்ணில் வகுத்தது. அமெரிக்காவில் எட்வர்ட் கொனெலி 1955 இல், பழைய இயந்திரங்களைப் புதுப்பிக்கும் கலைக்கே ஒரு பெருநூல் எழுதினார். ஜப்பானியர் ஸ்கிரேப்பிங்கைக் கிசாகே என்பார்கள். சுரண்டியின் நீண்ட பிடியை இடுப்பில் ஊன்றி, உடல் எடையால் தள்ளுவார்கள். அங்கே மிகத் துல்லியமான இயந்திரங்களுக்கு இன்றும் இந்தக் கைவேலை உண்டு. இந்தியாவில் சுவிஸ் நிறுவனமான ஓர்லிக்கனின் கூட்டுறவோடு 1953 இல் பெங்களூரில் எழுந்தது இயந்திரக்கருவித் தொழிற்சாலையான எச்.எம்.டி. இலங்கையில் ஃபிட்டர், மெஷினிஸ்ட் தொழில்களுக்குப் பேர்போன ‘ஜேர்மன் டெக்’ பயிற்சி நிலையம் 1959 இல் தொடங்கியது.

தரத்தைச் சொல்ல எல்லா மரபுக்கும் பொதுவான கணக்கு, 25 மில்லிமீற்றர் சதுரத்தில் எத்தனை நீலப்புள்ளி என்பது. இயந்திரப் பாகங்கள் சறுக்கி ஓடும் வழிப்பட்டைக்கு ஏறக்குறைய 10 முதல் 15, தரத்தட்டுக்கு 25 அளவில் என்பது வழக்கம். புள்ளிகளுக்கிடையே உள்ள சிறு பள்ளங்கள் எண்ணெயைத் தாங்கும். அவை இல்லாமல் கண்ணாடிபோல் வழுவழுப்பான இரண்டு முகங்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும்.

ஆனால் புள்ளிக்கணக்கு தட்டைத்தன்மைக்குச் சான்றாகாது. வளைந்த தரத்தட்டில் பார்த்த இரும்பு, அதே வளைவோடு அழகாகப் புள்ளி காட்டும். ரீகண்டிஷன் லேத் வாங்குவோர் படுக்கையில் மின்னும் பிறைவடிவக் கீறல்களை நம்பிவிடக்கூடாது. தேய்ந்த பரப்பின்மேலும் அந்த அலங்காரத்தைப் போட்டுவிடலாம். நீலமும் நேர்விளிம்பும் நுண்மட்டமும் வைத்துச் சோதித்தே விலை பேசவேண்டும்.

கடற்கரை ஊருக்கென்று இரண்டு கவனங்கள் உண்டு. உப்புக்காற்றில் சுரண்டிய முகம் விரைவில் துருப்பிடிக்கும். வேலை நின்றவுடன் எண்ணெய் பூசவேண்டும். அளவியலின் தர வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். கல்முனைப் பகல் முப்பதைத் தாண்டும். தட்டு முழுவதும் ஒரே சூட்டில் இருந்தால் நீளுமே தவிர வளையாது. ஒரு பக்கம் மட்டும் வெயில் பட்டால் வளைந்துவிடும்.

இந்தக் கைவேலையைக் கற்கப் பெரும் முதல் தேவையில்லை. ஒரு சாண் அளவில், உள்ளிறுக்கம் தணித்த மூன்று வார்ப்பிரும்புத் தட்டுகள், பழைய அரத்தைத் தீட்டிய ஒரு சுரண்டி, ஒரு டப்பா நீலம் போதும். பட்டறைப் பொடியன்கள் முதலில் அந்த மூன்று தட்டுகளையும் இணக்கட்டும். ஒலுவில் பொறியியல் பீடத்தின் கதவைத் தட்டி, தட்டுகளை அளந்து தரும்படி கேட்கட்டும். அளவில் தேறிய பிறகு சிறிய ஸ்லைடுகளைத் திருத்திப் பழகி, கடைசியாக லேத்தின் படுக்கையில் கைவைக்கலாம்.