கையசைவும் கமகமும்

விசைப்பலகைக் கருவிகளின்மீது இசைவாணர் சுமத்திவந்த குற்றச்சாட்டு ஒன்றே. ஆயினும் அது வலிமையானது. கட்டையை அழுத்தினால் ஒலி பிறக்கிறது, விட்டால் மடிகிறது. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையில் ஒன்றுமில்லை. கருநாடக இசையின் உயிரோ அந்த இடைவெளியில்தான் உலவுகிறது. தோடி இராகத்தின் காந்தாரத்தை ஆர்மோனியத்தில் அழுத்தினால் சுரம் கேட்கும், தோடி கேட்காது. 1940-ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கி வைத்தபோது எடுத்துரைக்கப்பட்ட காரணங்களுள் இதுவும் ஒன்று. அத்தடை தளர 1971 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஆர்மோனியத்தின் வழிவந்த மின்னிசைப் பலகை, அதாவது மக்கள் வழக்கில் 'கீபோர்டு', இக்குறையைத் தீர்க்க இடப்புறத்தில் ஒரு சிறு சக்கரத்தைப் பெற்றது. அதை உருட்டினால் சுருதி வளைகிறது. 1983-இல் வகுக்கப்பட்ட 'மிடி' என்னும் மின்னிசைக் குறிமுறை இந்த வளைவுக்கு 16,384 படிகளை ஒதுக்கியது. படிகளுக்குப் பஞ்சமில்லை, கைக்குத்தான் பஞ்சம். இடக்கை முழுவதும் சக்கரத்துக்கே அடிமையாகிவிடுகிறது. இந்த அடிமைத்தனத்தையும் ஏற்றுக்கொண்டு கருநாடக இசையைக் கட்டைகளில் வாசித்துக் காட்டிய கீபோர்டு சத்யநாராயணன் போன்றோரின் உழைப்பு சிறிதன்று.

கையில் அணியும் உணர்கருவிகளை இந்தப் பின்னணியில் வைத்தே மதிப்பிட வேண்டும். 2016 சனவரியில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த மின்னணுப் பொருட்காட்சியில், இன்டெல் நிறுவனத் தலைவரின் உரையோடு இணைந்து ஏ. ஆர். ரகுமான் மேடையேறினார். மணிக்கட்டில் அணிந்த காப்புகளுக்குள் 'கியூரி' என்னும் பொத்தான் அளவுக் கருவி இருந்தது. கை எவ்வளவு விரைவாக நகர்கிறது, எப்பக்கம் சுழல்கிறது என்பதை அது அளந்து கம்பியின்றி அனுப்ப, கணினி அதை ஒலியாக்கியது. உலக அரங்கில் தமிழ்க் கலைஞர் ஒருவர் இதைச் செய்தது பெருமைக்குரியதே. ஆனால் பெருமை வேறு, திறனாய்வு வேறு.

அந்த நிகழ்ச்சியின் அடிப்படைக் குறை, அது இசைக்காக எழாமல் கருவிக்காக எழுந்தது என்பதாகும். கை வீசப்படுகிறது, முழக்கம் எழுகிறது. வீச்சுக்கும் முழக்கத்துக்கும் உள்ள தொடர்பு கேட்பவர் செவிக்கு எட்டுவதற்குள் அடுத்த வீச்சு வந்துவிடுகிறது. ஓர் அசைவு ஓர் ஒலியைத் தொடங்கி வைப்பது சுவரிலுள்ள மின்விசையைத் தட்டுவதற்கு ஒப்பானதே. பிறந்த ஒலியை அசைவு வளைக்கவும் நெகிழ்த்தவும் வேண்டும். அங்கேதான் கலை தொடங்குகிறது. கியூரியை நிறுத்துவதாக இன்டெல் 2017-இல் அறிவித்தது. கலைஞன் தன் விரலைப் பழக்கி முடிப்பதற்குள் வணிகன் கடையைக் கட்டிவிட்டான்!

இம்முயற்சி முற்றிலும் புதியதுமன்று. 1920-ஐ ஒட்டி உருசியாவின் தெர்மின் கண்ட கருவியில், வலக்கை காற்றில் நகர்ந்து சுருதியையும் இடக்கை ஒலியளவையும் ஆண்டன. வயலின் கலைஞரான கிளாரா ராக்மோர் அதற்கெனவே காற்றில் விரல் வைக்கும் முறையொன்றை வகுத்து மேதையானார். அவரைப் போல் மிகச் சிலரே அக்கருவியை வென்றனர். காரணம் எளிது. காற்றுக்கு மெட்டுமில்லை, எதிர்ப்புமில்லை. வீணைத் தந்தியை இழுக்கும் விரலைத் தந்தி திருப்பி இழுக்கிறது. சுரம் எங்கே இருக்கிறது என்பதைச் செவிக்கு முன்பே விரல் அறிந்துகொள்கிறது. சிலப்பதிகாரத்தின் கானல்வரிப் பகுதியில் மாதவியின் விரல்கள் யாழில் நிகழ்த்தும் இசைக்கரணங்கள் எட்டு என இளங்கோவடிகள் வகுத்துரைக்கிறார். அவை அனைத்தும் நரம்பைத் தொட்டு நிகழ்வன.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். குரலுக்கு மட்டும் மெட்டு உண்டா? பாடகரின் கை காற்றில் கமகத்தின் கோட்டை வரைந்துகொண்டே செல்வதை எந்தக் கச்சேரியிலும் காணலாம். அந்தக் கோட்டையே ஒலியாக்கினால் என்ன? இம்மறுப்பு கவர்ச்சியானது, ஆனால் காரியத்தைக் காரணமாக்கிவிடுகிறது. பாடகரின் கை குரலுக்குப் பின்னே செல்வது. குரலை நடத்திச் செல்வதன்று. அதை முன்னே நடக்கப் பழக்குவதற்குப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும்.

கட்டையையும் அசைவையும் இணைக்கும் வழி இவற்றினும் நம்பிக்கை தருகிறது. ஐஸ்லாந்து நாட்டுக் கெங்கி நிறுவனத்தின் 'வேவ்' மோதிரத்தை அணிந்தவர், கட்டையை விரலால் அழுத்தியபடியே கையைச் சாய்த்து ஒலியை நடுங்கச் செய்யலாம். இங்கும் ஒரு சிக்கல் உண்டு. கட்டையை அழுத்துவதே ஓர் அசைவு. அடுத்த கட்டைக்குத் தாவுவதும் அசைவு. எது வாசிப்பு, எது கமகம் என்று மோதிரம் எவ்வாறு அறியும்? மேலும், ஒரே தடத்தில் செல்லும் சுருதி வளைவு, ஒலித்துக்கொண்டிருக்கும் சுரங்கள் அனைத்தையும் சேர்த்தே வளைத்துவிடும். விரலுக்கு விரல் தனி வளைவு தரும் மிடி விரிவாக்கம் 2018-இல்தான் ஏற்கப்பட்டது.

ரகுமானுக்கு இது தெரியாததன்று. 'டெல்லி-6' (2009) படத்தின் 'ரெஹ்னா து' பாடலில் அவர் கையாண்ட கன்டினுவம், தொடுபரப்புக் கருவி. விரல் மென்பரப்பில் வழுக்கிச் செல்ல, சுரத்திலிருந்து சுரத்துக்கு ஒலியும் வழுக்குகிறது. பாடல் முடியும் இடத்தில் ஒலிக்கும் அந்த வாசிப்பில் விரலின் அழுத்தமும் தயக்கமும் கேட்கின்றன. லாஸ் வேகாஸ் மேடையின் ஆரவாரம் முழுவதையும் இந்தச் சில நொடிகளுக்கு ஈடாகச் சொல்ல இயலாது.

ஜொகூரின் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே எழுந்த பண்டார் தெங்காரா போன்ற நகரிலும் ஒரு மாணவனுக்குக் கைக்கெட்டும் முதல் இசைக்கருவி மின்னிசைப் பலகையாக இருக்கக்கூடும். அவனுக்கு மோதிரமும் காப்பும் ஒருநாள் கிட்டலாம். அதற்கு முன், ஒரே கட்டையை அழுத்தி, சக்கரத்தை உருட்டி, தோடியின் காந்தாரத்தை நாகசுரத்தில் கேட்டவாறு அசைத்துப் பார்க்கும் பயிற்சியை ஆசிரியர் தொடங்கி வைக்கலாம். அச்சக்கரம் பல கருவிகளில் ஏற்கனவே இருக்கிறது, தொடுவார்தாம் இல்லை.