நம்ம எம்.பி. எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார்?

பெரியப்பாவுக்கு எழுபத்தஞ்சு வயசு. ஊர்ல கொஞ்சம் நிலம், மஞ்சளும் வாழையும். போன தடவை ஊருக்குப் போயிருந்தப்ப ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன்டா, நீ கம்ப்யூட்டர்லயே குடியிருக்கிறவன்தானே? மூணு வேளாண் சட்டம் கொண்டாந்தாங்களே, அதுக்கு அப்ப இருந்த நம்ம எம்.பி. என்ன ஓட்டுப் போட்டாரு? எதிர்த்தேன்னு மேடைக்கு மேடை சொன்னாரு. எங்கயாவது எழுதி வெச்சிருப்பாங்கல்ல, பாத்துச் சொல்லு."

அரை மணி நேர வேலைன்னு நினைச்சேன். ரெண்டு வாரம் ராத்திரி உட்கார்ந்து தேடின பிறகு கிடைச்ச பதில்: எங்கேயும் எழுதி வைக்கலை. அவர் பொய் சொல்றார்னு நான் சொல்ல வரலை. அவர் சொல்றது உண்மையாகவே இருந்தாலும் அதை அவராலும் நிரூபிக்க முடியாது, என்னாலும் சரிபார்க்க முடியாது. அதுதான் பிரச்சினை.

இந்தத் தேடல்ல நான் புரிஞ்சுக்கிட்டதை இங்கே எழுதி வைக்கிறேன். எம்.பி.க்களோட "மார்க் ஷீட்" பத்தின விமர்சனமாவும் இதை எடுத்துக்கலாம்.

மார்க் ஷீட்டில் என்ன இருக்கிறது?

நம்ம நாட்டில் எம்.பி.க்களின் செயல்பாட்டைத் தேடினால் முதலில் வந்து நிற்பது பிஆர்எஸ் லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் நிறுவனத்தின் பக்கம். ஒவ்வொரு உறுப்பினருக்கும் நாலு எண்கள்: வருகை சதவீதம், கலந்துகொண்ட விவாதங்கள், கேட்ட கேள்விகள், கொண்டுவந்த தனிநபர் மசோதாக்கள். பக்கத்திலேயே தேசிய சராசரியும் மாநில சராசரியும் இருக்கும். நாடாளுமன்ற ஆவணங்களில் சிதறிக் கிடப்பதைச் சேர்த்து ஒரே இடத்தில் கொடுக்கிறார்கள். நல்ல வேலை, அதில் எனக்குக் குறை ஏதும் இல்லை. அந்த எண்களை வைத்து "டாப் 10 எம்.பி.க்கள்" என்று பட்டியல் போடுகிறார்களே, தேர்தல் நேரத்தில் வாட்ஸப்பில் படமாகச் சுற்றுகிறதே, என் சண்டை அதோடுதான்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வருகை என்பது நீண்ட காலம் பதிவேட்டில் வைத்த கையெழுத்தாகத்தான் இருந்தது. தினப்படி வாங்குவதற்கும் அந்தக் கையெழுத்துதான் ஆதாரமாக இருந்தது. போட்டுவிட்டு அஞ்சு நிமிஷத்தில் வெளியே போனாலும் "வந்திருந்தார்" கணக்காகத்தான் இருந்தது. அமைச்சர்கள் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

அடுத்து கேள்விகள். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் (அவையில் வாய்மொழியாகப் பதில் தருவது) 230 நட்சத்திரமில்லாத கேள்விகளும் (எழுத்தில் பதில் தருவது) பட்டியலாகும். எந்தக் கேள்வி உள்ளே வரும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கி, கீழே பல பேர் போடுவார்கள். பட்டியலில் இருக்கிற எல்லாருக்கும் ஒரு எண் கூடும். கடன்சுமையில் இருக்கிற விவசாயியைப் பற்றிக் கேட்டாலும் ஒன்றுதான், ஏற்கெனவே அமைச்சகத்தின் இணையதளத்தில் இருக்கும் புள்ளிவிவரத்தைக் கேட்டாலும் ஒன்றுதான். கேள்வியை விலைக்கே வாங்கலாம் என்பதும் நாம் பார்த்ததுதான். கேள்வி கேட்கப் பணம் வாங்கிய விவகாரத்தில் 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் பதவி இழந்தார்கள். மார்க் ஷீட் கணக்குப்படி பார்த்தால் அவர்கள் கேட்ட கேள்விகளுக்கும் மார்க் உண்டு!

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது பழகின கதை. எத்தனை வரி கோட் எழுதினே என்று எண்ணி அப்ரைசல் போட்டால், பத்து வரியில் முடிகிற வேலைக்கு நூறு வரி எழுதுவான். அந்தக் கொடுமையை நானும் அனுபவிச்சிருக்கேன். பிரிட்டனில் 2004-இல் தொடங்கிய 'தே வொர்க் ஃபார் யூ' தளமும் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்ததுதான். எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகவே சில எம்.பி.க்கள் எழுந்து நின்று ரெண்டு வரி பேசிவிட்டு உட்காருவதாகப் புகார் வந்தது. எண்கள் தரத்தை அளப்பதில்லை என்று அந்தத் தளமே வாசகர்களை எச்சரிக்கிறது.

எண்ணுவதற்கு எளிதாக இல்லாத வேலைக்கு இந்தக் கணக்கில் இடமும் இல்லை. மசோதாவை வரிவரியாகப் பிரித்துப் பார்க்கிற நிலைக்குழுக் கூட்டங்கள் மூடிய அறையில் நடக்கின்றன. அங்கே ஒருவர் எவ்வளவு உழைத்தாலும், அந்த நாலு எண்களில் ஒன்றுகூட அசையாது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய குறை வேறு. சட்டம் இயற்றத்தான் எம்.பி.யை அனுப்புகிறோம். அந்தச் சட்டத்துக்கு ஆதரவா, எதிர்ப்பா என்கிற பத்தியே இந்த மார்க் ஷீட்டில் இல்லை.

ஏன் இல்லை?

பிஆர்எஸ் மறந்துவிடவில்லை. அந்தத் தரவே பெரும்பாலும் உருவாவதில்லை.

மசோதா மீதான விவாதம் முடிந்ததும் சபாநாயகர் கேட்பார்: ஆதரிப்பவர்கள் 'ஆம்' சொல்லுங்கள், எதிர்ப்பவர்கள் 'இல்லை' சொல்லுங்கள். ரெண்டு பக்கமும் சத்தம் போடுவார்கள். எந்தச் சத்தம் பெரிசு என்று அவர் காதுக்குப் படுகிறதோ அதை அறிவிப்பார். குரல் வாக்கெடுப்பு இதுதான். இதில் பெயரும் கிடையாது, எண்ணிக்கையும் கிடையாது.

யாராவது ஒரு உறுப்பினர் அதை ஏற்காமல் 'டிவிஷன்' கேட்டால்தான் பிரிவு வாக்கெடுப்பு. அப்போது ஒவ்வொருவரும் இருக்கையில் இருக்கிற பொத்தானை அழுத்துவார்கள், பெயர் பெயராகப் பதிவாகும். ஆனால் மக்களவை விதி 367-இல் ஒரு பொடி வைத்திருக்கிறார்கள். தேவையில்லாமல் டிவிஷன் கேட்கிறார்கள் என்று சபாநாயகர் கருதினால், உறுப்பினர்களை எழுந்து நிற்கச் சொல்லித் தலைகளை எண்ணி முடித்துவிடலாம். அப்படிச் செய்தால் பெயர்கள் பதிவு செய்யப்பட மாட்டாது என்று விதியே சொல்கிறது.

அரசியல் சட்டத் திருத்தங்களுக்குச் சிறப்புப் பெரும்பான்மை தேவை என்பதால் அங்கே எண்ணியே ஆகவேண்டும். அதனால்தான் பொருளாதாரத்தில் பின்தங்கியோர் இடஒதுக்கீட்டு மசோதாவுக்கு 2019 ஜனவரியில் மக்களவையில் 323-3, பெண்கள் இடஒதுக்கீட்டுக்கு 2023 செப்டம்பரில் 454-2 என்று துல்லியமாகச் சொல்ல முடிகிறது. சாதாரண மசோதாவிலும் எதிர்க்கட்சிகள் விடாப்பிடியாக நின்றால் கணக்கு கிடைக்கும். 2025 ஏப்ரலில் வக்ஃபு திருத்த மசோதா மக்களவையில் 288-232.

வேளாண் மசோதாக்கள் மூன்றும் 2020 செப்டம்பரில் மக்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. பெரியப்பாவின் கேள்விக்கு விடை தொலைந்த இடம் அதுதான். மாநிலங்களவையில் செப்டம்பர் 20 அன்று டிவிஷன் கேட்டார்கள். கேட்டவர்களில் திருச்சி சிவாவும் ஒருவர். அவை ஒழுங்கில் இல்லை, உறுப்பினர்கள் இருக்கையில் இல்லை என்று காரணம் சொல்லி, குரல் வாக்கெடுப்பிலேயே முடித்துவிட்டார்கள். மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம். ஒரு வருஷத்துக்கு மேல் விவசாயிகள் டெல்லி எல்லையில் உட்கார்ந்த பிறகு, 2021 நவம்பர் 29 அன்று சட்டங்களைத் திரும்பப் பெற்றார்கள். அதுவும் விவாதமே இல்லாமல், குரல் வாக்கெடுப்பில்தான்! போட்டதற்கும் பேர் இல்லை, எடுத்ததற்கும் பேர் இல்லை.

"கொறடா சொன்னபடிதானே போடுவாங்க?"

இதை ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் கேட்டது: "கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கே, கொறடா உத்தரவை மீறினா பதவி போயிடும். எப்படியும் கட்சி சொல்றபடிதான் ஓட்டு. அதைப் பதிவு பண்ணி என்ன ஆகப்போகுது?"

நியாயமான கேள்வி. 1985-இல் வந்த பத்தாவது அட்டவணைப்படி, கொறடா உத்தரவுக்கு எதிராக ஓட்டுப் போட்டாலும், ஓட்டே போடாமல் இருந்தாலும் பதவி போகலாம். கட்சி 15 நாளுக்குள் மன்னித்தால் தப்பிக்கலாம். ஆக, நம் எம்.பி.யின் ஓட்டு அவருடைய மனசாட்சியைக் காட்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

ஆனாலும் பதிவுக்குப் பலன் உண்டு. குடியுரிமைத் திருத்த மசோதாவுக்கு 2019 டிசம்பர் 11 அன்று மாநிலங்களவையில் பிரிவு வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 125. அதில் அதிமுக உறுப்பினர்களின் ஓட்டுகளும் அடக்கம். பெயர் பதிவானதால் மழுப்ப வழியில்லாமல் போனது. தமிழ்நாட்டில் அடுத்த ரெண்டு வருஷம் அந்தக் கட்சி போன இடமெல்லாம் அந்தக் கேள்வி துரத்தியது. கடைசியில் அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் எழுதினார்கள். கொறடா உத்தரவு அன்றும் இருந்தது, ஓட்டும் கட்சி சொன்னபடிதான் விழுந்தது. ஆனாலும் பதில் சொல்ல வேண்டி வந்தது.

ஓட்டுப் பதிவு இருந்தால் இன்னொன்றும் தெரியும்: முக்கியமான நாளில் யார் அவையில் இல்லாமல் நழுவினார்கள் என்பது. காலையில் பதிவான வருகை அதைச் சொல்லாது.

என்ன செய்யலாம்?

பிரிட்டிஷ் மக்களவை 1836-லிருந்து யார் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார்கள் என்று அதிகாரபூர்வமாக வெளியிடுகிறது. அந்த நடைமுறைகளில் எத்தனையோ எடுத்துக்கொண்ட நாம் இதை மட்டும் அரைகுறையாக எடுத்துக்கொண்டோம். கருவி இல்லை என்று சாக்குச் சொல்லவும் முடியாது. மக்களவையில் மின்னணு வாக்குப்பதிவு 1957-லேயே வந்துவிட்டது. மசோதா நிறைவேறும் கடைசிக் கட்டத்தில் மட்டுமாவது பிரிவு வாக்கெடுப்பு கட்டாயம் என்று விதியைத் திருத்தினால் போதும், சில நிமிஷ வேலை.

இன்னொரு கோரிக்கை என் தொழில் சார்ந்தது. நடக்கிற கொஞ்சம் வாக்கெடுப்புகளின் பெயர்ப் பட்டியலும் விவாதத் தொகுப்பின் பிடிஎஃபுக்குள் புதைந்து கிடக்கிறது. பொத்தான் வேலை செய்யாமல் சீட்டில் எழுதிக் கொடுத்தவர்களின் பெயர் தனியாக அடிக்குறிப்பில் இருக்கும். என் ஸ்கிரிப்ட் அந்த இடத்தில் பல தடவை மண்ணைக் கவ்வியது. ஒரு எக்செல் கோப்பாக வெளியிட்டால் யாரும் குறைந்துபோக மாட்டார்கள்.

விதி மாறும்வரை மார்க் ஷீட்டில் ஒரு பத்தியைச் சேர்க்கலாம் என்பது என் யோசனை: "டிவிஷன் கேட்டாரா?" அதைக் கேட்க ஒரே ஒரு உறுப்பினர் போதும். மறுத்தால் மறுத்ததும் அவைக் குறிப்பில் ஏறும். எதிர்த்தேன் என்று மேடையில் சொல்கிறவர், எதிர்ப்பைப் பதிவு செய்யச் சொல்லி அவையில் எழுந்தாரா என்பதை நாம் சரிபார்க்கலாம். உங்கள் எம்.பி. அடுத்த முறை தொகுதிக்கு வந்தால் ரோடு, ரயில் நிறுத்தத்தோடு இதையும் கேட்டுப் பாருங்கள்.

பெரியப்பாவுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னார்:

"நம்ம ஊரு சொசைட்டிக் கூட்டத்துல டீ வாங்கின கணக்குக்குக் கூட யாரு ஒத்துக்கிட்டா, யாரு ஒத்துக்கலைன்னு நோட்டுல எழுதுவோம்டா. அவ்வளவு பெரிய எடத்துல ஒரு நோட்டு இல்லையா?"

நோட்டு இருக்கு பெரியப்பா. எழுதத்தான் மாட்டேங்கிறாங்க.