மீட்பும் ஈடும்: பெருமாள்முருகன் புனைவுகளில் இழப்பின் சொற்கள்

ஆய்வுச்சுருக்கம்
இழந்ததைத் திரும்பப் பெறுதலைக் குறிக்கும் 'மீட்பு', அதற்கு மாற்றாக ஒன்றைப் பெறுதலைக் குறிக்கும் 'ஈடு' ஆகிய சொற்களின் பொருள் வேறுபாட்டைக் கொண்டு, நாமக்கல் மாவட்டத் திருச்செங்கோட்டுப் பகுதியைக் களமாகக் கொண்ட பெருமாள்முருகனின் புனைவுகளை இக்கட்டுரை அணுகுகிறது.

திறவுச்சொற்கள்: மீட்பு, ஈடு, இழப்பீடு, கொங்கு வட்டாரம், ஏறுவெயில், கூளமாதாரி

இழப்பைப் பற்றிப் பேசும்போது தமிழ் இரண்டு வினையடிகளை நாடுகிறது. ஒன்று 'மீள்'. இது மீண்டான் எனத் தன்வினையாகவும் மீட்டான் எனப் பிறவினையாகவும் வரும். போன பொருள் அதுவாகவே திரும்பி வருதல் இதன் அடிப்படைப் பொருள். மற்றொன்று 'இடு'. இதன் முதனிலை நீண்டு பிறந்த தொழிற்பெயரே 'ஈடு'. ஒப்பு, அடகு, வலிமை எனப் பொருள் பல கொண்டாலும், ஒன்றின் இடத்தில் பிறிதொன்றை வைத்தல் என்னும் கருத்தே இழப்பீடு, நட்டஈடு, ஈடுகட்டுதல் ஆகியவற்றில் நிலைபெற்றுள்ளது. இரண்டையும் ஒருபொருட் சொற்களாகக் கொள்ளும் வழக்கம் இன்று ஆய்வுரைகளிலும் காணப்படுகிறது. அவ்வாறு கொள்ளும்போது இழந்தவரின் முறையீடு பாதி கேட்கப்படாமற் போகிறது.

புறத்திணை மரபு இவ்வேறுபாட்டை நன்கு அறிந்திருந்தது. ஆநிரை கவர்தல் வெட்சி, மீட்டல் கரந்தை. தொல்காப்பியம் கரந்தையை வெட்சிக்குள்ளேயே அடக்க, புறப்பொருள் வெண்பாமாலை அதனைத் தனித்திணையாக்கியது. 1965 வரை சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்த தருமபுரிப் பகுதியின் நடுகற்கள் பல, கவரப்பட்ட தொறுவை மீட்கும் போரில் பட்டவர்க்கு எடுக்கப்பட்டவை. அங்கே மாடு மீள்கிறது, மனிதன் மீள்வதில்லை. அவனுக்குக் கிடைப்பது கல். ஒரே நிகழ்ச்சியில் மீட்பும் ஈடும் அருகருகே நிற்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. இன்றைய வீட்டு வழக்கிலும் இது உண்டு. அடகு வைத்த நகையை மீட்கிறோம் அல்லது திருப்புகிறோம். தவணை தவறினால் அது மூழ்கிப்போகிறது. பின்னர் அதே எடையில் வேறு நகை வாங்கினாலும் அதனை எவரும் மீட்பு என்று சொல்வதில்லை.

1991இல் வெளிவந்த பெருமாள்முருகனின் முதல் நாவலான 'ஏறுவெயில்' இந்த இடைவெளியில்தான் நிகழ்கிறது. நகரை ஒட்டிய விளைநிலம் குடியிருப்புக்காகப் போய்விடுகிறது. அதற்குப் பணம் வருகிறது. அதன்பின் அக்குடும்பம் சிதைவதை வளரும் பையன் ஒருவனின் பார்வையில் நாவல் சொல்கிறது. நிலத்தைப் பிரிந்த துயரம் என்றே இந்நாவலைப் படிப்பவர் பலர். அந்த வாசிப்பு தவறன்று, எனினும் போதாது. நாவலின் கூர்மை நிலம் போன பகுதியில் இருப்பதைவிடப் பணம் வந்தபின் உள்ள பகுதிகளிலேயே மிகுதி. நிலம் உறவினரை ஓரிடத்தில் இருத்தியது; பணம் எளிதில் பங்கு பிரிந்தது. இதனால் நிலத்தைப் புனிதப்படுத்தவும் இயலாது. கொங்கு வட்டார நாவலுக்குத் தொடக்கமான ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942) நிலப்பங்கீட்டுக்கான விருப்பம் கொலையில் முடிவதையே காட்டியது. பெருமாள்முருகன் முனைவர் பட்டத்துக்கு ஆய்ந்தவரும் ஆர். சண்முகசுந்தரமே என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

கொங்கு வழக்கில் 'காடு' என்பது மரங்கள் அடர்ந்த வனமன்று. மழையை நம்பிய மேட்டுநிலம். கிணற்றுப் பாசனமுடையது 'தோட்டம்'. வருவாய்த் துறையின் ஏட்டில் இரண்டும் பெரும்பாலும் புஞ்சை என்னும் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். ஈடு கணக்கிடப்படுவது ஏட்டுச் சொல்லுக்கு; இழக்கப்படுவது வழக்குச் சொல் சுட்டும் வாழ்வு. விலை மட்டும் போதாது என்பதைச் சட்டமும் ஒருவாறு ஒப்புக்கொள்கிறது. 1894ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டத்தில் 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் 30 விழுக்காடாக இருந்த ஆறுதல் தொகை, 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் 100 விழுக்காடாயிற்று. 'ஆறுதல்' என்னும் சொல்லைச் சட்டத் தமிழ் இங்கு ஏற்றிருப்பது கவனத்துக்குரியது. புண் ஆறலாம், வடு இருக்கும்.

ஈடு பெறுவதற்கும் ஒரு தகுதி வேண்டும். உடைமை இருக்க வேண்டும். 'கூளமாதாரி' (2000) உடைமையே இல்லாதாரைப் பற்றியது. கடனுக்காகப் பண்ணயத்தில் விடப்பட்டு ஆடு மேய்க்கும் அருந்ததியச் சிறுவன் ஈடு பெறுபவன் அல்லன்; அவனே ஈடாக வைக்கப்பட்டவன். நகையைத் திருப்ப நாள் உண்டு. இவனைத் திருப்ப நாள் குறிக்கப்படவில்லை. நிலம் போனால் உழவர் இழப்பீடு கேட்கிறார். அந்நிலத்தில் உழைத்தவருக்கு எது ஈடு என்னும் வினா தமிழ் நாவல் திறனாய்வில் இன்னும் அழுத்தமாக எழுப்பப்படவில்லை. நில இழப்பைப் பேசும் நாவலையும் உழைப்பின் அடகைப் பேசும் நாவலையும் நாம் தனித்தனி அலமாரிகளில் வைத்துவிட்டோம்.

'மாதொருபாகன்' (2010) நாவலின் தொடர்ச்சியாக 2014இல் இரு நாவல்கள் வந்தன. 'ஆலவாயன்' காளியை இறந்தவனாகக் கொள்கிறது. 'அர்த்தநாரி' உயிருடன் மீட்கிறது. ஒன்றை மற்றொன்றுக்கு ஈடாக வைக்காமல் இரண்டையும் நிற்கவிட்டதே அம்முயற்சியின் சிறப்பு. அடுத்த சில திங்களில் ஆசிரியரின் வாழ்வே இவ்விரு முடிவுகளுக்கு இடையே சிக்கியது. எதிர்ப்புகளை அடுத்து 2015 சனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என அறிவித்த அவர், தம் நூல்களை விற்க வேண்டாமென்று பதிப்பகங்களைக் கேட்டுக்கொண்டு, அவற்றின் இழப்பைத் தாமே ஈடுசெய்வதாகவும் கூறினார். எழுத்தை இழந்தவரே ஈடு தர முன்வந்தார். 2016 சூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, எழுத்தாளர் உயிர்த்தெழுந்து எழுதட்டும் என்னும் பொருளில் முடிந்தது. ஈடும் மீட்பும் போதாத இடத்தில் நீதிமன்றம் சமயத்தின் சொல்லைக் கடன் வாங்க வேண்டியிருந்தது.

மீண்டவர் அதே எழுத்தாளரா? 2016இல் வந்த 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' மனிதரை விட்டு ஆட்டை மையமாக்கியது. முன்னைய நாவல்களில் மலையும் கோயிலுமாகப் பெயர் சொல்லி நின்ற திருச்செங்கோடு இதில் இல்லை. ஆனால் மேய்ச்சலும் பட்டியும் மேட்டுக்காட்டு வெயிலும் அப்படியே உள்ளன. 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி'யை 2000ஆம் ஆண்டிலேயே தொகுத்தவருக்கு ஊர்ப்பெயரைக் கைவிடுவதைவிடச் சொற்களைக் கைவிடுவது கடினமாயிருந்திருக்கும். அந்நாவலில் ஆடுகளுக்கும் அரசுப் பதிவு உண்டு. காது குத்தி அடையாளம் இடுகிறார்கள். கேலியாகத் தோன்றும் அப்பகுதியை 2015க்குப் பின் கேலியாக மட்டும் படிக்க இயலவில்லை.