துவர்ப்பு என்ற சொல் நம்மிடம் இருக்கிறது

காஓர் ஒரு கிளாஸ், மெண்டோசா ஒரு கிளாஸ். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் குடிச்சுப் பார்க்கணும். இரண்டும் மால்பெக் என்ற ஒரே திராட்சையின் சிவப்பு ஒயின்தான். காஓர், பிரான்சின் தென்மேற்கில் லோட் ஆற்றங்கரையில் இருக்கிறது. மால்பெக்கின் சொந்த ஊர். அங்கிருந்து வந்த கொடியை அர்ஜென்டினாவின் மெண்டோசாவுக்குக் கொண்டுசேர்த்தவர் மிஷெல் பூஜே என்ற பிரெஞ்சுக்காரர், 1853-இல். 1956 உறைபனியில் காஓரின் கொடிகள் பெரும்பாலும் கருகிப்போயின. இன்று மால்பெக் அதிகம் விளைவது பிறந்த ஊரில் அல்ல, போன ஊரில்.

மெண்டோசா ஆண்டிஸ் மலையடிவாரம். ஏறக்குறைய 1000 மீட்டர் உயரத்திலும் அதற்கு மேலும் தோட்டங்கள். மழை குறைவு, வெயில் அதிகம், பாசனத்துக்கு மலைப்பனி உருகி வரும் நீர். பழம் நன்றாகக் கனிவதால் ஒயின் வழவழப்பாக, பழவாசத்தோடு இறங்குகிறது. காஓரில் வெயில் குறைவு, மழை கூடுதல். அங்கே ஒயின் இறுக்கமாக இருக்கிறது, துவர்க்கிறது.

போத்தலின் பின்பக்கத்தில் பிளம், பிளாக்பெர்ரி, வயலட் பூ என்று அச்சிட்டிருப்பார்கள். ரெங்கத்துல பிளாக்பெர்ரிக்கு எங்க போறது? எனக்குக் காஓர், நாவல் பழத்தைத் தோலோடு மென்றது மாதிரி. விழுங்கியபின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது. ரொம்ப நேரம் ஊறிப்போன தே ஓ கொசோங்கும் இதையேதான் செய்யும். ஆங்கில ஒயின் எழுத்து இதைச் சுவையில் சேர்ப்பதில்லை. வாயில் படும் உணர்வு என்று தனியாக வைக்கிறது. நமக்கோ துவர்ப்பு ஆறு சுவையில் ஒன்று.

இவ்வளவு கையிருப்பு உள்ள மொழி, குடிக்கிற பொருளை மட்டும் ஏன் நாக்கில் வைக்காமலே எழுதுகிறது? எப்போதும் அப்படி இருந்ததில்லை. புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் கொண்டுவந்த மதுவை அருந்தி மகிழும்படி பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். அது குளிர்ந்தது, மணப்பது என்றும் சொல்லிவிடுகிறார். ரெண்டே சொல், ஆனா நாக்கும் மூக்கும் அங்க இருக்கு.

நான் வாசித்த மலேசியத் தோட்டக் கதைகளில் கள்ளுக்கடை நிறைய வருகிறது; கள் வருவதில்லை. அப்பா குடிக்கிறார், சம்பளம் கரைகிறது, அம்மா அடி வாங்குகிறாள். இது பொய்யில்லை. உழைப்பவரின் கூலியைத் தோட்டத்துக்குள்ளேயே கறந்த கடை அது. 1947-இல் கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்துத் திரண்டதற்கு நியாயம் இருந்தது.

ஆனால் இயக்கத்தின் வேலை வேறு, கதையின் வேலை வேறு. கள்ளுக்கு மண்ணைவிட நேரம் முக்கியம். இறக்கியவுடன் இனிக்கும்; சில மணி நேரத்தில் நுரைத்துப் புளிக்கும்; விட்டுவைத்தால் காடியாகிவிடும். ஒரே மரத்துக் கள் ஒரே நாளில் எத்தனை சுவை! விடிகாலையிலிருந்து பால்மரம் சீவிய ஒருவருக்கு அந்த முதல் வாய் என்ன கொடுத்தது என்று கதை சொல்லாவிட்டால், அவர் ஏன் மறுநாளும் போனார் என்பதும் நமக்குப் புரியாது. அவர் மனிதராக இல்லாமல் எச்சரிக்கைப் பலகையாக நிற்பார்.

குடியைக் கொண்டாடச் சொல்லவில்லை. அடுத்த தோட்டக் கதையில் ஒருவர் கள்ளுக்கடைக்குப் போனால், அவர் குடித்தது இனித்ததா புளித்ததா என்று எழுத்தாளருக்காவது தெரிந்திருக்கணும்.