நெடுநல்வாடையும் ஸ்ட்ரெதம் மாலையும்

புகலிடத் தமிழ் எழுத்தில் குளிர்காலத்துக்கு ஒரு நிரந்தர வேலை கொடுக்கப்பட்டிருக்கிறது. கதையில் பனி கொட்டத் தொடங்கினால் அடுத்த பந்தியில் ஊர் வந்துவிடும். முற்றம், கிணற்றடி, அம்மாவின் குரல் எல்லாம் பின்தொடரும். எஸ்.பொ.வும் இந்திரனும் 1994இல் தொகுத்த புலம்பெயர்ந்தோர் சிறுகதைகளுக்குப் 'பனியும் பனையும்' என்று பெயரிட்டபோது, இந்த மனநிலைக்கு மிகப் பொருத்தமான தலைப்பும் கிடைத்தது. ஓரெழுத்து வித்தியாசத்தில் இரண்டு உலகங்கள். ஆனால் அந்தச் சோடியை ஒரு வாய்ப்பாடாக எடுத்துக்கொண்டவர்களிடம் பனிக்கென்று சொந்தமாக எதுவும் மிஞ்சவில்லை. பனை இல்லாத இடம் என்பதே அதன் பொருளாயிற்று. இந்த வாய்ப்பாட்டுக்கு நாம் ஒரு விலை கொடுத்து வருகிறோம்.

ஸ்ட்ரெதமில் நின்று பார்ப்போம். தென் லண்டனின் இந்தப் பகுதியில் பனி கொட்டும் நாட்கள் வருடத்தில் சிலவே. தவறாமல் வருவது இருட்டுத்தான். ஒக்ரோபர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டைப் பின்தள்ளியதும் மாலை என்று ஒன்று இல்லாமற் போகிறது. டிசம்பர் 21ஐ ஒட்டிய நாட்களில் சூரியன் காலை 8 மணிக்குப் பிறகு எழுந்து, பின்னேரம் 4 மணிக்கு முன்பே போய்விடுகிறது. பகல் 8 மணித்தியாலத்துக்கும் குறைவு. அதே நாளில் யாழ்ப்பாணத்துப் பகல் பதினொன்றரை மணித்தியாலத்துக்கும் அதிகம். விடியுமுன் பஸ் ஏறி, கடையின் பின்னறையிலோ பெற்றோல் நிலையத்துக் கண்ணாடிக்குள்ளோ நின்றுவிட்டு, ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில் தெருவிளக்குகள் எரியும்போது வீடு திரும்பும் ஒருவர் கிழமைக்கணக்கில் வெயிலைக் காண்பதில்லை.

இந்த இருட்டு உடலுக்குச் செய்வதை நோர்மன் ரொசெந்தாலும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1984இல் அமெரிக்காவில் விவரித்து, 'பருவகால மனச்சோர்வு' என்று பொருள்படும் பெயரையும் இட்டார்கள். ரொசெந்தால் தென்னாபிரிக்காவின் ஜொகானஸ்பேர்க்கிலிருந்து 1976இல் நியூயோர்க்குக்கு வந்தவர். அங்குள்ள குளிர்காலங்களில் தன் சுறுசுறுப்பு வடிந்துபோவதைக் கவனித்தவர். அவரும் அதைப் பிறந்த மண்ணின் ஏக்கம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அளவுக்கு மிஞ்சிய நித்திரை, மாப்பொருளிலும் இனிப்பிலும் அடங்காத ஆசை, உடல் பருத்தல், ஆட்களின் முகத்தில் விழிக்க விருப்பமின்மை, இளவேனிலில் விலகி இலையுதிர் காலத்தில் திரும்ப வருதல் என்பன இதன் குறிகள். எம்மவர் வீடுகளில் இதே குறிகளுக்குச் 'சோம்பல்' என்று பெயர். கொஞ்சம் இரக்கமுள்ள வீடென்றால் 'ஊர் யோசனை'.

எமது மரபு இதைச் சொல்லத் தெரியாத மரபா? பத்துப்பாட்டில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடை குளிரைப் பற்றியது. அதில் கோவலர் நெருப்பிலே கை காய்ச்சுகிறார்கள். மேய்ச்சல் மறந்து விலங்குகள் நிற்கின்றன. கறவைகள் கன்றை உதைத்துத் தள்ளுகின்றன. வீட்டிலே விசிறிகள் சுருட்டித் தொங்கவிடப்பட்டு, சிலந்தி நூல் படிந்து கிடக்கின்றன. குளிரால் நெகிழ்ந்த யாழ் நரம்பைப் பெண்கள் தம் உடற்சூட்டில் வைத்துச் சரிசெய்கிறார்கள். வானம் இருண்டு பொழுது தெரியாதபடியால், தட்டில் வைத்த பிச்சி மொட்டு விரிவதைக் கொண்டே மாலையென்று அறிந்து விளக்கேற்றுகிறார்கள். வீட்டுப் புறா இரவு பகல் தெரியாமல் மயங்கி, இரை தேடப் போகாமல் கால் கடுக்க நிற்கிறது.

இவ்வளவுக்கும் பிறகே அரசி வருகிறாள். அவளுடைய துயரத்துக்குக் காரணம் பிரிவு. அரசனோ பாசறையில் நள்ளிரவில் நித்திரையின்றிப் புண்பட்ட வீரரைப் பார்த்துத் திரிகிறான். அவனுடைய காரணம் போர். குளிர், பிரிவு, போர் மூன்றும் ஒரே பாட்டில் இருந்தும் ஒன்று மற்றொன்றின் உருவகமாகக் கரைந்துபோகவில்லை. புறா அரசனை நினைத்து ஏங்குவதாக நக்கீரர் எழுதவில்லை. அது இருட்டால் மயங்கியது, அவ்வளவுதான்.

எமக்கும் இந்த மூன்றும் வாய்த்தன. போரில் இழந்தவர்களின் துயரம் ஏப்ரலில் கலைவதில்லை. அகதி விண்ணப்பத்துக்குப் பதில் பார்த்திருப்பவரின் பயத்துக்குப் பருவம் கிடையாது. இவற்றைப் பருவ நோயென்று சுருக்குவது அநியாயம். ஆனால் எல்லாச் சோர்வையும் ஊர்ப் பிரிவாகவே எழுதுவதும் அதேயளவு அநியாயம். பிரிவுதான் நோயென்றால் திரும்பிப் போவதே மருந்து. திரும்ப முடியாதவர் கட்டிலிலேயே கிடக்க வேண்டியதுதான். கிடப்பது ஒருவித விசுவாசமாகவும் தோன்றத் தொடங்கிவிடும். நாம் சொன்ன விலை இதுவே.

நோய்க்குச் செய்யக்கூடியவை உண்டு. இங்கிலாந்தில் பேச்சுச் சிகிச்சைக்கு வைத்தியரின் கடிதம் இல்லாமலே நேரடியாகப் பதியலாம். மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் அதற்குக் காசு அறவிடுவதில்லை. தேவைப்பட்டால் வைத்தியர் மனச்சோர்வுக்குக் குளிசையும் எழுதுவார். காலையில் 10,000 லக்ஸ் ஒளிப்பெட்டியின் முன் அரை மணித்தியாலம் இருந்து தேறியவர்கள் இருக்கிறார்கள். அதன் பயன் பற்றி ஆய்வுகள் ஒருமுகமாக இல்லை. கண் நோயுள்ளவர்கள் கேட்டுச் செய்வது நல்லது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்ட்ரெதம் காமன் மேட்டில் ஒரு நடை நடப்பதற்குச் செலவில்லை. மூடமான பகலின் வெளிச்சமும் அறை விளக்கைவிடப் பலமடங்கு. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எழுந்தால் காத்திராமல் 111ஐ அழைத்து 2ஐ அழுத்த வேண்டும்.

இதையெல்லாம் கதையில் பிரசாரமாக எழுதும்படி நாம் எவரையும் கேட்கவில்லை. ஒரு பாத்திரம் ஜனவரியில் எழும்ப மாட்டாமல் கிடந்தால், அது எந்த மாதம் தொடங்கியது, போன வருடமும் இப்படித்தானா, யன்னல் எந்தப் பக்கம், வேலை எத்தனை மணிக்கு என்று எழுத்தாளர் கேட்டுக்கொள்ளட்டும். அதற்குப் பிறகும் ஊர் வருமென்றால் வரட்டும். இந்தக் கதைகளை வாசிப்பவர்களில் அப்படிக் கிடப்பவரும் ஒருவர். தனக்கு வந்திருப்பது இன்னதென்று அவருக்கு முதலில் தெரிய வேண்டும்.