காலுக்கும் ஹெல்மெட்டுக்கும் என்ன சம்பந்தம்?

என் சித்தி மகன் வேடசந்தூர் பக்கம் ஒரு மில்லில் வேலை பார்க்கிறான். நைட் ஷிப்ட் முடிந்து நண்பனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தபோது பின்பக்கமிருந்து ஒரு கார் இடித்துவிட்டது. தொடை எலும்பு முறிந்தது. தலையில் ஒரு கீறல்கூட இல்லை. திண்டுக்கல்லில் கேஸ் போட்டு, விஷயம் லோக் அதாலத்துக்கு வந்தது. இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் சாதாரணமாகச் சொன்னார்: "தம்பி ஹெல்மெட் போடல. 15 பர்சென்ட் கழிச்சுக்கலாம்."

கூடப் போயிருந்த எனக்குக் கேட்கத் தோன்றியது ஒன்றுதான்: ஒடஞ்சது காலுதானே சார்? கேட்கவில்லை. அதற்கப்புறம் உட்கார்ந்து படித்ததன் குறிப்புதான் இது.

அடிபட்டவர் மேலும் தப்பு இருந்தால் அந்த அளவுக்கு இழப்பீட்டைக் குறைப்பதைக் கோர்ட்டில் 'கான்ட்ரிபியூட்டரி நெக்லிஜென்ஸ்' என்பார்கள். கொள்கை நியாயமானதுதான். இங்கிலாந்தில் 1945-ல் சட்டம் மாறும்வரை, அடிபட்டவர் மேல் கொஞ்சம் தப்பு இருந்தாலே பெரும்பாலும் ஒரு பைசா கிடைக்காது. அமெரிக்காவில் அலபாமா, வர்ஜீனியா மாதிரி சில மாநிலங்களில் இன்னும் அதே கதைதான். அதோடு ஒப்பிட்டால் நம்முடைய பங்கு பிரிக்கும் முறை எவ்வளவோ மேல். என் குறை கொள்கை மேல் இல்லை, கணக்குப் போடும் விதத்தின் மேல்.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 168-ஆம் பிரிவு, தீர்ப்பாயம் நியாயமான இழப்பீட்டை நிர்ணயிக்க வேண்டும் என்கிறது. எந்தத் தப்புக்கு எத்தனை சதவீதம் என்று பட்டியல் எதுவும் தரவில்லை. அப்படியானால் கழிக்கிறவர்தான் காரணம் சொல்ல வேண்டும். நடப்பில் 10, 15, 25 என்று உருண்டையான எண்கள் மட்டும் வந்து விழுகின்றன.

2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த முகமது சித்திக் வழக்கைப் பாருங்கள். தில்லியில் ஒரே பைக்கில் மூன்று பேர் போகிறார்கள், பின்னாலிருந்து கார் மோதுகிறது, பின்னால் உட்கார்ந்திருந்த இளைஞர் இறந்துபோகிறார். மூன்று பேர் போனதற்காக உயர் நீதிமன்றம் 10 சதவீதம் கழித்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மூன்று பேர் போனது சட்டமீறல்தான். ஆனால் அந்த மீறல் விபத்துக்கோ, அடியின் கடுமைக்கோ காரணமாக இருந்தது என்று காட்டினால்தான் கழிக்கலாம் என்றது. மீறலுக்கு அபராதம் போடுவது வேறு, இழப்பீட்டில் கை வைப்பது வேறு.

இதை எப்படி அளப்பது? 1975-ல் இங்கிலாந்தில் ஃப்ரூம் - புட்சர் வழக்கில் நீதிபதி டென்னிங் சீட் பெல்ட் போடாதவர்களுக்கு ஒரு அளவுகோல் தந்தார். பெல்ட் போட்டிருந்தால் காயமே பட்டிருக்காது என்றால் 25 சதவீதம், காயம் நன்றாகக் குறைந்திருக்கும் என்றால் 15, எந்த வித்தியாசமும் இருந்திருக்காது என்றால் பூஜ்யம். அது நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அந்தப் பூஜ்யம்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. ஹெல்மெட் இல்லாமல் தலையில் அடிபட்டால் கழிக்கலாமா என்று வாதாடலாம். கால் முறிவுக்கு அந்தப் பேச்சே எழக் கூடாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. பைக் ஓட்டியவர், கார் ஓட்டியவர் இருவர் மேலும் தப்பு என்றால், பின்னால் சும்மா உட்கார்ந்திருந்தவருக்கு அதில் பங்கு கிடையாது. அவர் இருவரில் எவரிடமும் முழுத் தொகையையும் கேட்கலாம் என்று கென்யெய் வழக்கில் 2015-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஓட்டியவன் தப்பைப் பின்னால் இருந்தவன் தலையில் கட்ட முடியாது.

தம்பி கையெழுத்துப் போட்டுவிட்டான். பேசிய 6 லட்சத்தில் 90,000 போனது. வட்டிக்கு வாங்கி ஆஸ்பத்திரிக்குக் கட்டியவனுக்குக் காத்திருக்கத் தெம்பில்லை. லோக் அதாலத்தில் சம்மதிக்காமல் எழுந்து வரலாம், கேஸ் பழையபடி கோர்ட்டுக்குப் போகும். சம்மதித்துவிட்டால் மேல்முறையீடு கிடையாது.

அதனால் கையெழுத்துப் போடும் முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தத் தப்பால இந்தக் காயம் எப்படி வந்துச்சு?" அன்றைக்கு நான் கேட்காமல் விட்டது அதைத்தான்.