இடுப்பு வலியும் வீடு தேடி வரும் மருத்துவமும்

பல்லடத்துக்கும் காங்கேயத்துக்கும் நடுவே, கோவை–கரூர் சாலையில் இருக்கிறது பொங்கலூர். இந்த வட்டாரத்தில் வயதானவர்களின் இடுப்பைப் பற்றிப் பேசுவதென்றால் அவர்கள் பார்த்த வேலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1980களில் திருப்பூர் பனியன் ஏற்றுமதி வளர்ந்தபோது இருபது வயதில் வேலைக்குப் போனவர்கள் இன்று அறுபதை நெருங்கிவிட்டார்கள் அல்லது தாண்டிவிட்டார்கள். சிங்கர் மெஷினிலும் ஓவர்லாக்கிலும் குனிந்த முதுகோடு ஒன்றரை ஷிப்ட் ஓட்டியவர்கள் உண்டு. செக்கிங் டேபிளில் நாள் முழுக்க நின்றவர்களும், விசைத்தறிக் குடோனில் ஆறு தறி, எட்டுத் தறிக்கு நடுவே ராத்திரியெல்லாம் நடந்தவர்களும் உண்டு. கம்பெனிக்குப் போகாதவர்கள் சின்ன வெங்காயக் காட்டில் குத்தவைத்தே காலத்தை ஓட்டினார்கள். இப்போது நூறு நாள் வேலையில் மண்வெட்டி பிடிக்கிறார்கள். வலிக்கு வேலை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. வயது, உடல் எடை, தூக்கம், மனக்கவலை எல்லாம் சேர்ந்துதான் நாள்பட்ட முதுகு வலியை உண்டாக்குகின்றன. ஆனால் வலியோடு என்ன செய்ய முடியும், எதற்கு நேரம் இருக்கிறது என்பதை இங்கே வேலைதான் தீர்மானிக்கிறது.

வலி முற்றும்போது நடப்பது ஏறக்குறைய ஒரே வரிசை. முதலில் மெடிக்கலில் நாலு மாத்திரை. கேட்காவிட்டால் டாக்டரிடம் ஓர் ஊசி. அப்புறம் தைலம், ஒத்தடம், இடுப்பு பெல்ட். கையில் கொஞ்சம் காசிருந்தால் ஸ்கேன். கடைசியில், “இனிக் குனியாதீங்க, கட்டாந்தரையில படுங்க” என்ற அறிவுரை.

இந்த வரிசையை அறியாமை என்று ஒதுக்குவது எளிது, அநியாயமும்கூட. ஊசி போட்டுக்கொண்டு போகிற பெண் கேட்பது நிவாரணத்தை அல்ல, நாளைய கூலியை. நாளைக் காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார முடிந்தால் போதும் என்பவருக்கு, பன்னிரண்டு வாரம் பயிற்சி செய்தால் வலி குறையும் என்பது ஒரு பதிலே ஆகாது. டைக்ளோஃபினாக், அசெக்லோஃபினாக் போன்ற மருந்துகள் அந்த ஓர் இரவுக்கு வேலை செய்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட நாள்பட்ட முதுகு வலிக்கான வழிகாட்டு நெறிமுறையும் இவ்வகை மருந்துகளை முற்றாக ஒதுக்கவில்லை. சிக்கல் எங்கே என்றால், ஓர் இரவுக்கான மருந்து ஆண்டுக்கணக்கில் ஓடுவதில். ஊசி வயிற்றைக் கெடுக்காது என்று பலர் நம்புகிறார்கள். அதுவும் தவறு. மருந்து எந்த வழியில் போனாலும் ரத்தத்தில் கலந்து, இரைப்பையின் உட்சுவரைக் காக்கிற, சிறுநீரகத்துக்கு ரத்தம் ஓட உதவுகிற அதே வேதிப்பொருள்களைத்தான் தடுக்கிறது.

இதே டைக்ளோஃபினாக் மாடுகளுக்குப் போடப்பட்டு, செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டங்கூட்டமாக மடிந்த கதை பலருக்கும் தெரிந்திருக்கும். 2006-ல் கால்நடைப் பயன்பாட்டுக்கு இந்தியா அதைத் தடை செய்தது. 2023-ல் அசெக்லோஃபினாக்கும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. மனிதச் சிறுநீரகம் கழுகினுடையதைப் போல அவ்வளவு சீக்கிரம் தோற்காது. ஆனால் எழுபது வயதில், சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உள்ள ஒருவருடைய சிறுநீரகத்துக்குத் தாங்கும் சக்தி ஏற்கெனவே குறைந்திருக்கும். கழுகுக்காகச் சட்டம் போட்ட நாட்டில், அதே மருந்தைச் சீட்டில்லாமல் பாட்டிக்கு வாங்கித் தருவது இன்னும் சாதாரணம்.

மாத்திரையைவிட ஸ்கேன்மீது எனக்குக் கூடுதல் மனத்தாங்கல் உண்டு. மாத்திரை உடலைக் கெடுத்தால், தேவையில்லாத ஸ்கேன் மனத்தைக் கெடுக்கிறது. முதுகில் வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் திரட்டி 2015-ல் ஒரு மதிப்பீடு வெளிவந்தது. இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும், எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் முதுகுத் தட்டில் (டிஸ்க்) தேய்மானம் இருந்தது. அதாவது எண்பது வயதில் தேய்மானம் நரைமுடி மாதிரி, இல்லாதிருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் “ஜவ்வு தேஞ்சுபோச்சு, டிஸ்க் விலகிடுச்சு” என்று ஒருமுறை காதில் விழுந்துவிட்டால், அதன்பின் குடம் தூக்கவும் பேரனைத் தூக்கவும் கை வராது. அசைவு குறையும், தசை இளைக்கும், வலி கூடும். ஸ்கேன் உடனே தேவைப்படும் நேரங்கள் இருக்கவே இருக்கின்றன. சிறுநீர், மலம் கட்டுப்பாடு போவது, காலில் பலம் குறைவது, காய்ச்சலோடும் எடைக் குறைவோடும் வரும் வலி, ராத்திரியில் தூங்கவிடாத வலி, சின்னதாக வழுக்கி விழுந்தபின் வயதான பெண்ணுக்கு வரும் வலி இவையெல்லாம் அதில் அடங்கும். நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோய் இன்னும் போகவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. இந்த அடையாளங்களைக் கேட்டறிய ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடப் பேச்சுதான் இங்கே கிடைப்பதில்லை.

கட்டாந்தரை அறிவுரைக்கும் ஆதாரம் கிடையாது. ஸ்பெயினில் நாள்பட்ட முதுகு வலியுள்ள 313 பேரிடம் நடத்தி 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டியுள்ள மெத்தையே நல்ல பலன் தந்தது. தரையில் படுத்து எழுவது இடுப்பு மூட்டு தேய்ந்தவருக்குத் தண்டனை. இடுப்பு பெல்ட்டை வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் நெறிமுறை. ஊர்க் கை வைத்தியத்தின் பக்கம் அது அவ்வளவு கடுமையாக இல்லை: உருவிவிடுவதை ஏற்கிறது, மிளகாய்ச் சத்து கலந்த மேற்பூச்சையும் ஏற்கிறது. தவிட்டு ஒத்தடமும் நொச்சித்தழைச் சூடும் இதமளித்தால் யாருக்கும் நட்டமில்லை. பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வரும் மூட்டுவலிப் பொடிதான் வேறு விஷயம். இத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அது எலும்பை வலுவிழக்கச் செய்வதோடு, இடுப்பு மூட்டின் பந்து முனைக்கு ரத்தம் போவதையே நிறுத்திவிடக்கூடும்.

அப்படியானால் எதுதான் வேலை செய்கிறது? அசைவு. இதையும் மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். 249 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அமைப்பின் 2021-ம் ஆண்டு மதிப்பீட்டில், ஒன்றும் செய்யாதவர்களோடும் வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களோடும் ஒப்பிட்டால் உடற்பயிற்சி செய்தவர்களுக்கு நூறு புள்ளி அளவையில் சுமார் 15 புள்ளி வலி குறைந்தது. அற்புதம் ஒன்றுமில்லை. ஆனால் அதற்குச் சிறுநீரகத்தை விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் நடத்தி 2024-ல் வெளியான இன்னோர் ஆய்வு இன்னும் சுவாரஸ்யமானது. முதுகு வலி குணமானவர்களைப் படிப்படியாக நடக்க வைத்தார்கள். நடந்தவர்களுக்கு வலி மீண்டும் வர நடுமட்டமாக 208 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 112 நாள். இதில் நாம் கவனிக்க வேண்டியது, சும்மா “நடங்க” என்று சொல்லி அனுப்பிவிடவில்லை என்பதை. ஆறு மாதத்தில் பலமுறை ஓர் இயன்முறை மருத்துவர் அவர்களோடு பேசினார், அளவைக் கூட்டினார், பயத்தைத் தெளிவித்தார். பலனைத் தந்தது நடை மட்டுமா, திரும்பத் திரும்ப வந்த அந்த ஆளுமா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

இந்த இடத்தில்தான் தமிழ்நாட்டின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை எடை போட வேண்டியிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட இத்திட்டம், தொற்றா நோய்த் தடுப்புக்கான ஐ.நா. பணிக்குழுவின் விருதை 2024-ல் பெற்றது. விருதைவிட முக்கியமானது அதன் அடிப்படை எண்ணம். நோயாளி மருத்துவமனைக்கு வரமாட்டார், வரமுடியாது என்பதை ஒப்புக்கொண்டு, சுயஉதவிக் குழுப் பெண்கள் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளை வாசலில் கொண்டுவந்து தருகிறார்கள். வட்டாரத்துக்கு ஓர் இயன்முறை மருத்துவரும் ஒரு வலி நிவாரணச் செவிலியரும் வீடு வீடாகப் போகிறார்கள். இயன்முறை சிகிச்சை என்றாலே நகரத்துத் தனியார் கிளினிக், ஒரு தடவைக்கு இத்தனை ரூபாய் என்றிருந்த நிலையில், அதைப் பொங்கலூர் போன்ற ஒன்றியத்தின் கடைசி ஊர்த் திண்ணைக்குக் கொண்டுபோனது சின்ன மாற்றமல்ல. பக்கவாதத்தில் விழுந்தவருக்கும் இடுப்பெலும்பு முறிந்து படுத்தவருக்கும் இது உயிர்நாடி.

குறையும் அதே இடத்தில்தான். மாத்திரையைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். அசைவைக் கொடுத்துவிட்டு வர முடியாது. ஓர் இயன்முறை மருத்துவர் நாளைக்கு எட்டு வீடு போகிறார், மாதம் இருபத்துநாலு நாள் வேலை என்று தாராளமாகவே கணக்குப் போட்டாலும் 192 வருகைதான். ஒரு நோயாளிக்கு மாதம் நாலு முறை வேண்டுமென்றால் 48 பேரோடு முடிந்தது. ஒரு முழு ஒன்றியத்துக்கு அது எந்த மூலைக்கு? ஆகவே படுக்கையில் இருப்பவருக்கு முதலிடம் என்பது நியாயமான, தவிர்க்க முடியாத முடிவு. அதன் விளைவு, வலியோடு இன்னும் நடமாடிக்கொண்டிருப்பவர் வரிசைக்கே வருவதில்லை. பயிற்சி அதிகம் பலன் தருவது அவருக்குத்தான். அவர் படுத்தபிறகு திட்டம் அவரைக் கண்டுபிடிக்கிறது.

இன்னொரு விடுபடலும் உண்டு. வாசலில் வரும் ரத்தக்கொதிப்பு மாத்திரையும், தெருமுனை மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரையும் ஒரே வயிற்றுக்குள் போகின்றன. வலி மாத்திரை ரத்தக்கொதிப்பை ஏற்றும். கொதிப்புக்கான சில மருந்துகளோடும் நீர் பிரிய வைக்கும் மாத்திரையோடும் சேர்ந்தால் சிறுநீரகத்தைத் திடீரென்று சாய்க்கும். வைகாசி வெயிலில் உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது இன்னும் மோசம். “வலிக்கு என்ன சாப்பிடறீங்க?” என்ற கேள்வி, கொதிப்பு மாத்திரை அட்டையோடு சேர்ந்தே மாதாமாதம் வாசலுக்கு வர வேண்டும்.

இடுப்பு மூட்டு வலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதுகு வலிக் கணக்கிலேயே அது தொலைந்துபோகிறது. வலி எங்கே என்று கேட்டால் கை கவட்டைப் பக்கம் போகிறது, சம்மணம் போட முடியவில்லை, பஸ் படியில் கால் வைக்கச் சிரமம் என்றால் மூட்டைச் சந்தேகிக்க வேண்டும். நேராக நடந்தால் கால் மரத்துப்போகிறது, சைக்கிளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு குனிந்து நடந்தால் நெடுந்தூரம் போக முடிகிறது என்பவருக்குத் தண்டுவடப் பாதை குறுகியிருக்கலாம். இருவருக்கும் ஒரே ஊசி போடுவதில் பொருளில்லை. முற்றிய மூட்டுத் தேய்மானத்துக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நம்பகமான தீர்வு. முதலமைச்சர் காப்பீட்டில் அதற்கு இடமிருக்கிறது. தேய்ந்த முதுகுத் தட்டுக்காக மட்டும் செய்யும் அறுவை சிகிச்சையைப் பற்றி அப்படிச் சொல்லிவிட முடியாது. ஊரிலோ இரண்டுக்கும் ஒரே பயம்: “ஆபரேஷன் பண்ணா படுத்துருவோம்.”

ஆட்கள் போதாது என்றால் கூட்டமாகச் செய்வதுதான் வழி. கொங்கு நாட்டில் அதற்கு முன்மாதிரி தேடி அலைய வேண்டியதில்லை. கூட்டமாகப் பாடி ஆடும் வள்ளி ஒயில் கும்மியின் கலைஞர் பத்திரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 87. சாயங்காலமானால் ஊர்க் கோயில் மைதானத்தில் பெண்கள் கும்மி பழகுவது இந்தப் பக்கம் இப்போது வழக்கமாகிவிட்டது. மூட்டு தேய்ந்தவர்களைக் குதிக்கச் சொல்லவில்லை. பாட்டும் கூட்டமும் இருந்தால் மாதக்கணக்கில் யாரும் அழைக்காமலேயே வருகிறார்கள் என்பதைத்தான் சொல்கிறேன். எந்த உடற்பயிற்சித் தாளும் இதுவரை சாதிக்காத விஷயம் அது. வட்டார இயன்முறை மருத்துவர் வாரம் ஒருநாள் அந்த மைதானத்துக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரைப் பிடித்துக் காலைப் பக்கவாட்டில் தூக்குவது என்று நாலைந்து அசைவுகளைச் சேர்த்துக் கொடுத்தால், எட்டு வீட்டுக்கான நேரத்தில் நாற்பது பேரைப் பார்க்கலாம்.

மற்ற நாட்களில் யார் கவனிப்பது? வாசலில் மாத்திரை கொண்டுவந்து தரும் தன்னார்வலர்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். அரை நிமிடத்தில் ஒருவர் எத்தனை முறை கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுகிறார் என்று எண்ணிக் குறிக்க அவருக்கு ஒரு மணி நேரப் பயிற்சி போதும். ஆனால் அவரும் ஊக்கத்தொகைக்கு வேலை செய்கிற, வெயிலில் தெருத்தெருவாக நடக்கிற, பெரும்பாலும் நடுவயதைத் தொட்ட பெண். அவர் கையில் இன்னொரு பதிவேட்டைத் திணிப்பதானால், அதற்கான தொகையையும் சேர்த்தே அறிவிக்க வேண்டும்.